தைப்பிங் ஏரிக்கரையில் வேடம் கட்டி வரலாறு சொல்லப் போகிறீர்களா? முதலில் ஆண்டைச் சொல்லுங்கள்

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் இளைஞர் மன்றத்தார் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரை ஒரு சனிக்கிழமை தைப்பிங்குக்குக் கூட்டிப்போக இருக்கிறார்கள். ஏரிக்கரையில் நாலு படம் பிடித்துவிட்டுத் திரும்பாமல், வெளிநாடுகளில் நடப்பதுபோல் பழைய காலத்து வேடத்தில் ஒருவர் முன்னே நடந்து ஊர்க்கதை சொல்ல வேண்டும் என்று ஆசை. “பாட்டி காலத்து ரப்பர்ப் பால் வாளி, அதைத் தோளில் சுமக்கும் காண்டா, உளி, தலைவிளக்கு எல்லாம் தோட்டத்திலேயே கிடைக்கும். மரம் வெட்டுகிறவர்களாக (ரப்பர் மரம் சீவிப் பாலெடுப்பவர்களாக) இரண்டு பேரை நிறுத்தினால் போதுமா? எங்கே தொடங்குவது? பிள்ளைகள் சலிக்காமல் இருக்க என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறார்கள்.

நல்ல யோசனை தம்பி, செய்யுங்கள். ஆனால் அந்தப் பால் வாளியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு வேறோர் இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தைப்பிங் ஏரியின் கதை ஈயத்தின் (வெள்ளீயத்தின்) கதை. நீங்கள் சொல்லப்போகும் சம்பவங்களில் பெரும்பாலானவை 1861க்கும் 1890க்கும் இடையில் நடந்தவை. அந்தக் காலத்தில் பேராக்கில் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம் என்று ஒன்றே இல்லை. 1877இல்தான் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி செய்து காட்டியது 1890களில். தான் சாய் யான் என்ற சீனர் மலாக்காவில் முதல் தோட்டம் போட்டது 1896இல். நம் தாத்தா பாட்டிகள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்று, இருட்டோடு இருட்டாக மரம் வெட்டப் போனதெல்லாம் அதற்கும் பிந்தைய கதை. 1885ஆம் ஆண்டின் ரயில் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் தலைவிளக்கோடு நின்றால், பிள்ளைகள் மனதில் எல்லாமே ‘அந்தக் காலம்’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடும். வேடம் கட்டுவதே அந்த மூட்டையை அவிழ்க்கத்தானே?

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு வேடத்துக்கும் ஓர் ஆண்டு எழுதி வையுங்கள். ஆண்டு சொல்ல முடியாத வேடத்தைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

சரி, அந்தக் காலத் தைப்பிங்கில் நம் ஆட்கள் யார்? இதைத் தேடிப் பார்த்தால் தோட்டத் தொழிலாளியைத் தாண்டி நிறையப் பேர் கிடைப்பார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்த ரயில் பாதைதான் மலாயாவின் முதல் பாதை. சுமார் 8 மைல், அதாவது 13 கிலோமீட்டர். அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற சாலைப் பணித் தொழிலாளர் பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் அந்தப் படைக்கு ஆள் எடுத்தது பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்துகொண்டிருந்த காலம் அது. அப்புறம், பாதை வந்ததும் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் இருந்தார்கள். தைப்பிங்குக்கு வடமேற்கே கிரியான் பக்கம் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இருந்தார்கள். நம் தோட்ட வாழ்க்கைக்கு முன்கதை கித்தா அல்ல, கரும்பும் காப்பியும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஆகவே நான்கு வேடம் போதும்: 1885இன் ரயில் பாதைத் தொழிலாளி, அதே காலத்துச் செட்டியார், கொஞ்சம் பிந்திய யாழ்ப்பாணத்து ரயில் கிராணி (எழுத்தர்), கிரியான் கரும்புக் கூலி. அதற்கு மேல் போனால் உடை மாற்றுவதிலேயே காலை போய்விடும்.

இந்த மாதிரி வேடமிட்ட வழிகாட்டல் உலகத்தில் புதிதல்ல. ஸ்டாக்ஹோமில் 1891இல் திறந்த ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்திலேயே அந்தந்த வட்டாரத்து உடையில் ஆட்களை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தையே அப்படி நடத்துகிறார்கள். இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வேடம் போட்டவர் அந்த ஆளாகவே மாறிப் பேசுவது: “நான் நேற்றுத்தான் கப்பலில் இறங்கினேன்” என்று. இன்னொன்று, உடை மட்டும் பழையது, பேசுகிறவர் இன்றைய மனிதர்: “அவர்கள் இப்படித்தான் உடுத்தினார்கள்” என்று. முதல் வழியில் உயிர் இருக்கும். ஆனால் 1885இல் நிற்கிறவனிடம் ஒரு பிள்ளை “தைப்பிங் ஏன் இப்போது பேராக்கின் தலைநகரம் இல்லை?” என்று கேட்டால் அவன் வாயைத் திறக்க முடியாது. தலைநகரம் ஈப்போவுக்குப் போனது 1937இல். அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது வழியில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லலாம், ஆனால் பத்தாவது நிமிடத்தில் வகுப்பறை வாடை வந்துவிடும்.

நமக்கு இதற்கு வெளிநாட்டு உபாயம் தேவையில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறானே. ராஜா திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது, “யார் நீங்கள், எந்த ஊர், இங்கே வந்த காரணம் என்ன?” என்று கேட்பவன் அவன்தான். ராஜாவோடும் பேசுவான், சபையோடும் பேசுவான், நடுவில் கிண்டலும் அடிப்பான். உங்கள் நடையில் முழுநேரமும் கூட வர வேண்டியவர் அவர். வேடக்காரர்கள் அவரவர் இடத்தில் மட்டும் வந்தால் போதும், அவரவர் ஆண்டுக்குள்ளேயே நின்று பேசட்டும். மீதிக் கேள்விகளைக் கட்டியங்காரன் வாங்கிக்கொள்வான். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பிள்ளைகள் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்கட்டும். திரை விலகுகிற அந்த ஒரு நொடிக்கு முப்பது பிள்ளைகளும் கைப்பேசியை மறந்துவிடுவார்கள்.

ரயில் பாதைத் தொழிலாளிக்கு ஒரு மாதிரி எழுதித் தருகிறேன். ஆள் கற்பனை, சூழ்நிலை உண்மை:

“யாரப்பா நீ?”
“ரயில் ரோடு போடுறவன்.”
“எந்த ஊரு?”
“பொறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். காப்பித் தோட்டத்துக்குன்னு கண்டிக்குப் போனேன். காப்பி செத்துப்போச்சு. அங்கேயிருந்து கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்தாங்க.”
“இந்த ரோடு எங்க போகுது?”
“கடலுக்கு. எட்டு மைலு.”
“ஏறிப் போகப்போறது யாரு?”
“ஈயம்.”

இவ்வளவுதான். இதற்கு மேல் அவன் பேச வேண்டாம். சுரங்கத்திலிருந்து கடற்கரைக்கு ஈயம் போவதுதான் அந்தப் பாதையின் முழுக் காரணம் என்பதைக் கட்டியங்காரன் அங்கிருந்து எடுத்துக்கொள்வான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்தவர்களில் பெண்கள் குறைவு. அதற்காக அவர்களைத் திரை பிடிக்க மட்டும் வைத்துவிடாதீர்கள். கட்டியங்காரி ஆக்குங்கள். முழு நடையும் அவள் கையில் இருக்கும்.

இனி வழி. காலை 7.30க்குத் தொடங்கிவிடுங்கள். தைப்பிங்கில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது, தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவது இந்த ஊரில் பழைய பொழுதுபோக்கு. பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றாலும் குடை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணிக் குடையாக இருந்தால் கிராணி வேடத்துக்கும் ஆயிற்று.

ஏரியில் தொடங்காதீர்கள், ஏரியில் முடியுங்கள். டவுனில் பழைய மணிக்கூண்டுப் பக்கம் பிள்ளைகளுக்குப் பசியாற வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கேயே சண்டைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தைப்பிங் இருக்கும் லாருட் வட்டாரத்தில் 1861இல் முதல் மோதல் மூண்டது சுரங்கத்துக்குப் போகும் நீர்க்கால்வாய்த் தகராறில். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனச் சங்கங்கள், அவற்றின் பின்னால் மலாய்ப் பிரபுக்கள், விட்டு விட்டு 1874 வரை சண்டை. அந்த ஆண்டு ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் உள்ளே வந்தார். இதை நடித்துக் காட்ட வேண்டாம். நம் பிள்ளைகள் சீனர் வேடம் போட்டு வெட்டிக்கொள்வதைத் தைப்பிங் டவுன் நடுவில் யார் பார்த்தாலும் முகம் சுளிப்பார்கள், சுளிப்பது நியாயமும்கூட. வெள்ளைக்காரத் துரை தேவைப்பட்டால் முகத்தில் பவுடர் அப்பாமல் ஒரு தொப்பியைக் கையில் பிடித்தால் போதும், ஆளைப் புரிந்துகொள்வார்கள்.

செட்டியாரையும் இங்கேயே கடைத்தெருவில் காட்டிவிடுங்கள். நின்று பேசும் வேடமல்ல இது. ஐந்தடியில் ஒரு பாய், அதன்மேல் சாய்வுமேசை, பேரேடு, பக்கத்தில் பணப்பெட்டி. கிட்டங்கியில் (செட்டியார்கள் கூட்டாகத் தொழில் நடத்திய கட்டடத்தில்) ஒரு செட்டியாருக்கு இருந்த மொத்த இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், வரிசையாக ஆளுக்கொரு பெட்டியடி. வெற்று மேல், நெற்றியில் திருநீறு, இடுப்பில் நல்ல வெள்ளை வேட்டி. கடன் கேட்டு வரும் பிள்ளையிடம் “அடமானம் என்ன?” என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கட்டும். சிரிப்பு தானாக வரும்.

அடுத்து கிங் எட்வர்ட் பள்ளிப் பக்கம். முதல் ரயில் நிலையம் இருந்த இடம் இன்று அந்தப் பள்ளியின் வளாகத்துக்குள் இருக்கிறது. உள்ளே போக முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வேலிக்கு வெளியே நின்றே சொல்லலாம். ரயில் தொழிலாளியும் கிராணியும் இங்கே. இருவரையும் ஒருசேரக் காட்டாதீர்கள். தொழிலாளி பேசி முடித்துப் போன பிறகு, திரை மறுபடி விலகும்போது கிராணி: மேல்கோட்டு, வேட்டி, தலைப்பாகை, கையில் குடை. ஒருவன் போட்ட பாதையில் இன்னொருவன் சீட்டுக் கிழிக்கிறான். இருவரும் தமிழர்கள், ஆனால் ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள் இல்லை. இந்த வித்தியாசத்தைக் கட்டியங்காரன் விளக்காமல் விடலாம், எட்டாம் வயதுக்கு மேலுள்ள பிள்ளைக்குக் கண்ணிலேயே பட்டுவிடும். வசதி இருந்தால் இன்னொரு நாள் கோலா செபெத்தாங் போய்ப் பாருங்கள், அதுதான் பழைய போர்ட் வெல்ட். ரயில் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது.

அங்கிருந்து தாமிங் சாரி சாலையில் நடந்தால் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம், பேராக் அருங்காட்சியகம், எதிரே சிறைச்சாலை. தேவாலயம் 1886இல் எழுந்த மரக்கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் போதும். அருங்காட்சியகம் 1883இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அங்கே வேடம் தேவையில்லை, பொருள்களே பேசும். சிறை 1879இல் கட்டியது, இன்றும் சிறையாகவே இருக்கிறது. அதன் முன்னால் நிற்காமல், படம் எடுக்காமல் கடந்துவிடுங்கள்.

பிறகு ஏரி. பிள்ளைகளை ஏரியைப் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டு முதலில் ஒரே கேள்வி: “இந்தப் பள்ளத்தைத் தோண்டியது யார்?” இயற்கை ஏரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்புறம் சொல்லுங்கள்: இது ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளின் நிலம். 1880இல் கர்னல் வாக்கர் என்ற அதிகாரியின் யோசனையில் இதைப் பூங்காவாக மாற்றத் தொடங்கினார்கள். 64 ஹெக்டேர். மலாயாவின் முதல் பொதுப் பூங்கா. கரையோரச் சாலையில் தூங்குமூஞ்சி மரங்களை நட்டதும் அந்த 1880களில்தான். இன்று அவற்றின் கிளைகள் சாலையைத் தாண்டி வளைந்து தண்ணீரைத் தொடுகின்றன. அந்த வாக்கர்தான் பேராக்கின் சீக்கியப் படைக்கும் தளபதி. அந்தப் படையின் வேர், 1873இல் சண்டைக் காலத்தில் ஸ்பீடி என்ற கேப்டன் இந்தியாவிலிருந்து திரட்டி வந்த சீக்கிய, பஞ்சாபி, பட்டாணிச் சிப்பாய்களில் இருக்கிறது. காலையில் சொன்ன சண்டையும் இந்த அமைதியான தண்ணீரும் ஒரே கதை என்பது இங்கே வந்து சேரும். கரும்புக் கூலிக்கு இடம் இந்த மரநிழல்தான். கிரியானிலிருந்து ஒரு நாள் டவுனுக்கு வந்தவனாக வரட்டும், தன் ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது, கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்துவரும் மேஸ்திரி) வழியாக ஆள் எடுப்பதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் கட்டியங்காரி சொல்லட்டும், கூலிக்குத் தெரியாது.

உடையில் பணம் செலவழிக்காதீர்கள். தொழிலாளிக்கும் கூலிக்கும் முழங்காலுக்கு ஏறிய பழுப்பேறிய வேட்டி, தலையில் துண்டு. வேட்டியில் ஜரிகை இருந்தால் கிழித்துவிடுங்கள். புது வெள்ளைத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் சரியான நிறம் வந்துவிடும். பாலியஸ்டர் வேண்டாம், வெயிலில் பளபளக்கும், காட்டிக்கொடுத்துவிடும். கைக்கடிகாரம், ஜிப், பாட்டில் தண்ணீர் எல்லாம் கட்டியங்காரனின் பையில் போகட்டும். பெரும் தொல்லை செருப்புதான். கூலி வெறுங்காலோடு நடந்தவன், ஆனால் தைப்பிங் தார்ச்சாலையில் ஒன்பது மணிக்கு மேல் பிள்ளை காலைச் சுட்டுக்கொள்வான். அதனால் ரப்பர் சிலிப்பரோடு நடந்து வந்து, திரைக்குப் பின்னால் கழற்றட்டும்.

கும்பல் முப்பது பேர் என்றால் பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து, அரை மணி நேர இடைவெளி விட்டு அனுப்புங்கள். பேசுகிறவர் முகத்தில் வெயில் படலாம், பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. ஓர் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்த்துப் பேசினால் முன்வரிசைக்கும் கேட்கும். ஒலிபெருக்கி வேண்டாம், ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களின் சாபம் உங்களுக்கு எதற்கு?

ஏரிக்கு அப்பால் புக்கிட் லாருட் அடிவாரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 800க்கும் மேற்பட்ட வீரர்கள், அவர்களில் இந்தியப் படையினரும் உண்டு. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்துவக் கல்லறைகள், மறுபக்கம் மற்றவர்கள். அங்கே கட்டாயம் போங்கள், ஆனால் வேடத்தைக் கலைத்துவிட்டு. அங்கே நாடகம் கூடாது. அமைதியாக நடந்து பெயர்களைப் படிக்கவிடுங்கள். பெரிய பிள்ளைகளாக இருந்தால் ஒன்றை மட்டும் சொல்லலாம்: அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படிப் பெயர் வெட்டிய கல் கிடையாது. உங்கள் தோட்டத்திலேயே யாராவது ஒருவரின் தாத்தா போய்த் திரும்பாமல் இருந்திருப்பார். பேருந்தில் ஏறும் முன் வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. பூங்கா தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது, கும்பலாக வேடத்தோடு வருவதை ஒரு கடிதத்தில் தெரிவித்துவிடுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே இலவசமாகச் செய்வது ஒன்று, வெளியாட்களிடம் தலைக்கு இத்தனை வெள்ளி என்று வாங்கி நடத்துவது வேறு. 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். பின்னால் இதை வருமானமாக மாற்றும் எண்ணம் இருந்தால் உரிமம் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது உங்களில் ஒருவர் பயிற்சி எடுத்து உரிமம் வாங்குங்கள். தமிழில் சரளமாகச் சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் தேவைப்படுகிறார்கள்.

இப்போது அந்தப் பால் வாளிக்கு வருகிறேன். திரும்பும்போது நெடுஞ்சாலையில் நேரே ஓட்டிவிடாமல் கோலகங்சாரில் இறங்குங்கள். சிங்கப்பூர் வந்த கன்றுகளில் சிலவற்றை அந்நாளைய ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் கால மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலியடைத்து இன்னும் நிற்கிறது, நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரம் என்பார்கள். காண்டா, பால் பிடிக்கும் மங்கு, உளி, தலைவிளக்கு எல்லாவற்றையும் அங்கே இறக்குங்கள். இங்கே நடிகர் வேண்டாம். மரம் வெட்டிய ஒரு பாட்டி உங்கள் லயத்திலேயே இருப்பாரே, அவரைப் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள். உளியைப் பிடிக்கும் கோணத்தை அவர் காற்றிலேயே காட்டுவார். மரத்தில் கைவைக்க விடாதீர்கள், பாதுகாத்து வைத்த மரம் அது. தலைவிளக்கை எத்தனை மணிக்கு ஏற்றினார், பெரட்டுக்குப் பிந்தினால் என்ன நடந்தது, ஒட்டுப்பாலைத் (மரத்திலும் மங்கிலும் உறைந்த பாலை) தனியாக எடை போட்டார்களா, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டாரா என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் “பாம்பு பார்த்தீங்களா பாட்டி?” என்றுதான் கேட்பார்கள். ஒருவர் கைப்பேசியில் முழுவதையும் பதிவு செய்யுங்கள், படம் இல்லாவிட்டாலும் குரல் தெளிவாக வரட்டும்.